துணைக்குக் கண்ணாடி

காலர்க்காரியின் கண் மங்கிவிட்டது என்பது மூன்றே பேருக்குத்தான் தெரியும். அவள் வீட்டுக்காரர், அவளுடைய நாத்தனார், அப்புறம் நான். என்னிடம் யாரும் வந்து சொல்லவில்லை. தையல் ஆலையின் கேட்டுக்கு எதிரே டீக்கடை போட்டு உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. செல்போனில் ஏதாவது வந்தால் அவள் கையை முழுக்க நீட்டிப் பிடிப்பாள், கழுத்தைப் பின்னால் இழுப்பாள், அப்படியும் புரியாமல் நாத்தனாரிடம் கொடுத்து, "என்னன்னு பாரு, வெயில்ல கண்ணு கூசுது" என்பாள். கடைக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். எங்கிருந்து வந்ததாம் வெயில்?

தூரத்துப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தெருக்கோடியில் லாரி திரும்பும்போதே உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். கிட்டத்தில் இருப்பதுதான் கலைந்துபோய்விடும். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருகிற விஷயம்தானே, இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்பவர்கள் இந்த ஆலையில் வேலை பார்த்ததில்லை.

சட்டையில் காலர்தான் கஷ்டமான வேலை. இரண்டு முனையும் ஒரே மாதிரிக் கூராக வர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் போடுகிறவன் கழுத்தே கோணலாகத் தெரியும். மூன்றாவது லைனில் இருபத்திரண்டு வருடமாகக் காலர் இவள் கைதான். முனை திருப்பும்போது அவள் பார்ப்பதுகூட இல்லை, விரலுக்கே தெரியும். தொல்லை நூல் அறுந்தால்தான். நூல் கோன் மாற்றும்போது பழைய நூலோடு புது நூலை முடிந்து இழுத்துவிடலாம். ஊசியிலேயே அறுந்துவிட்டால் காதில் கோத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஊசிக் காது இவளைப் பொறுத்தவரை எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது. அதனால் நூல் அறுந்தவுடன் இருமுவாள். பக்கத்தில் பீஸ் அடுக்கும் நாத்தனார் கட்டு எடுப்பதுபோலக் குனிந்து, கோத்துக் கொடுத்துவிட்டு நிமிர்வாள். பனிக்காலத்துக் காய்ந்த காற்றில் நூல் அடிக்கடி அறுந்துவிடும். அக்காவுக்கு நெஞ்சில் சளி என்று லைன் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. ஒருத்தி மருந்துகூட வாங்கி வந்து கொடுத்தாள்.

ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன? நான் போட்டேனே. ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் ஆலையின் மேல்தளத்தில்தான், பட்டன் துளை மிஷினில். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கடைவீதிக்குப் போய் ஆளுக்கொரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டே வேலைக்குப் போனோம். ஒரு வாரம் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஐந்து பேரையும் பிசிறு வெட்டக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். "கண்ணு போனவங்களுக்கு மிஷின் எதுக்கு?" என்றார். சம்பளம் பாதி. மூன்றாம் நாள் நான் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மேல்தளத்தில் ஒருத்தி மூக்கிலும் கண்ணாடி ஏறவில்லை. நாற்பது தாண்டியவர்கள் மட்டும் அறுபது பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் கண் பளிச்சென்று இருக்கிற அதிசய ஆலை.

அங்கேதான் டிரஸ்ட் வந்து சேர்ந்தது. எந்தெந்த நாட்டிலோ தைக்கிற பெண்களுக்கெல்லாம் இலவசமாகக் கண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கிறார்களாம். வண்டியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். சாப்பாட்டு ஹாலில் மேஜை போட்டு, சுவரில் எழுத்து அட்டை ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் பரிசோதனை. நாற்பது தாண்டியவர்கள் முதலில். வரிசை ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஹால் வாசலில் சூப்பர்வைசர் நாற்காலி போட்டு உட்காருவாராம். யாருக்குக் கண்ணாடி கிடைக்கிறதென்று அவருக்குப் பட்டியலே தேவையில்லை, வெளியே வரும்போது மூக்கைப் பார்த்தால் போதும். அன்று சாயங்காலம் கேட்டைவிட்டு வந்தவர்களில் ஒருத்திகூட டீக்கு நிற்கவில்லை.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கடையைக் கட்டிவிட்டு வந்தால் அந்தப் பக்கம் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். துணி காயப்போடும் கயிற்றில் ஒரு வெட்டுத்துணி தொங்குகிறது, அதில் தையல் சாக்குக்கட்டியால் எழுத்துகள். காலர்க்காரி சுவரோரம் நிற்கிறாள். வீட்டுக்காரர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார். மூட்டை தூக்குகிற வேலையில் இருந்தவர், ஐந்து வருடத்துக்கு முன்னால் துணிப் பொதி சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து அடுப்படி அவருடையது.

"ஆலைத் துணியிலேயே எழுதிக் கொண்டாந்திருக்கா பாருங்க, திருட்டுக் கழுதை," என்றார் என்னிடம், தங்கையைப் பற்றிப் பெருமையாக.

"தட்டு கழுவற சாக்குல ஹாலுக்குள்ள போயிட்டேன்," என்றாள் நாத்தனார். "ஒரு எழுத்து விடல. ம், அண்ணி, மேல இருந்து."

"ட. ப, ம. க, ர, ய."

"அடுத்தது?"

"வ, ந, ச, ட, ல."

"ட இல்ல அண்ணி, த. வ, ந, ச, த, ல. ட மேல ஒரு தடவை வந்தாச்சு."

"ஒரு எழுத்து ரெண்டு தடவை வந்தா என்ன கேடு? வீட்டுக்கு ரெண்டு பேர் இல்லையா?"

"நான் ஒண்ணு கேக்கறேன், ரெண்டு பேரும் அடிக்க வராதீங்க," என்றார் வீட்டுக்காரர். "கண்ணாடி சும்மாதானே குடுக்கறாங்க? கண்ணு தெரியலன்னு சொன்னா கையில குடுக்கப் போறாங்க. நீங்க என்னடான்னா, நல்லாத் தெரியுதுன்னு பொய் சொல்றதுக்குப் பரீட்சைக்குப் படிக்கற மாதிரி படிக்கறீங்க."

"வாங்கி எங்க போடறது? வீட்ல போட்டுக்கிட்டு உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

"என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

"கிட்டத்துல பாத்து வருஷமாச்சு. இருக்கிற நெனப்பு அப்படியே இருக்கட்டும்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் விடவில்லை. "டீ அக்காவைக் கேளுங்க, போட்டவங்க என்ன ஆனாங்கன்னு."

"என்னை எதுக்கு இழுக்கற? நான் ராணி மாதிரி கடை வச்சிருக்கேன்," என்றேன். பச்சைப் பொய். முதல் வருடம் நான் எப்படி அழுதேன் என்று அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

காலர்க்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பாதிச் சம்பளம்னா கிழங்கை இன்னும் சின்னதா நறுக்கிக்கலாங்க. அது இல்ல. காலர் என் கையைவிட்டுப் போயிடும். தெருவுல யார் சட்டை போட்டுட்டுப் போனாலும் நான் கழுத்தைத்தான் பாப்பேன். இது நான் தச்சது, இது இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா நான் யாரு?"

அவர் உரித்த கிழங்கையே மறுபடி உரித்தார்.

"சரி," என்றார். "மேல இருந்து சொல்லு."

அதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் என் கடையில் டீ குடித்தவர்கள் எல்லோரும் ஊதி ஊதிக் குடிக்கும் நடுவில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ட, ப, ம, க, ர, ய. எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

உள்ளே நடந்ததை, போனவர்கள் சொன்னதையும் டிரஸ்டிலிருந்து வந்து கண் பார்த்த பெண் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் ஆள் காலர்க்காரிதான். தள்ளி உட்காரவைத்துச் சுவரைக் காட்டினாள் அந்தப் பெண். அதை மனப்பாடமே இல்லாமல் படித்திருப்பாள், அவளுக்குத்தான் தூரம் தெரியுமே. அடுத்து ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுத்து, "இதைப் படிங்கம்மா" என்றாள். வாசலில் சூப்பர்வைசர். அட்டையில் சாம்பல் பூசினாற்போல் ஏதோ இருந்தது. காலர்க்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். 'த'வைக்கூடச் சரியாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவை படிங்கம்மா."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினாள். காலர்க்காரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்தவளும் அப்படியே வந்தாள். அதற்கு அடுத்தவளும்.

பதினொரு பேர் முடிந்ததும் அந்தப் பெண் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லி என் கடைக்கு வந்தாள். டம்ளரைக் கையில் வாங்கினவள் குடிக்க முடியாமல் கீழே வைத்தாள். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிப்பு. பையிலிருந்து அந்தச் சின்ன அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'காலையில் மழை பெய்தது. குழந்தை குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனது.' அவ்வளவுதான் இருந்தது.

"பதினொரு பேர் இதைக் கையில வச்சுக்கிட்டு ட, ப, மன்னு ஒப்பிச்சாங்க அக்கா. சுவர்ல இருக்கறது தூரப் பார்வைக்கு. இது கிட்டப் பார்வைக்கு. கடைசியா வந்தவங்க ராகம் போட்டே படிச்சாங்க."

நானும் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் என்ன செய்வது?

"ஏன்க்கா இப்படி?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போகலாமே. யாராவது கட்டாயப்படுத்தறோமா?"

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் ஏழு வருடமாக யாரும் என்னை அப்படி நேராகக் கேட்டதில்லை. கீழ்த்தளத்தைப் பற்றிச் சொன்னேன், பாதிச் சம்பளத்தைப் பற்றிச் சொன்னேன், இருமலைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பு நின்றுபோனது. "இதை எங்க டிரஸ்ட் அம்மாகிட்ட சொல்லணும்," என்று எழுந்தவள், நான் கையைப் பிடிப்பதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டாள். ஐயோ, குட்டு உடைந்தது, அதுவும் என் வாயால் என்று அன்று பகல் முழுக்க எனக்கு டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை.

சாயங்காலம் டிரஸ்ட் அம்மாவே காலர்க்காரி வீட்டைத் தேடி வந்தார். அறுபது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூடவே அந்தப் பெண். காலர்க்காரி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அந்தச் சுவருக்குள்ளேயே புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது.

"காலையில உங்க மேனேஜரைப் பாக்கறேன்," என்றார் டிரஸ்ட் அம்மா. "கண்ணாடி போட்டவங்களை வேலை மாத்தக் கூடாதுன்னு எழுதியே வாங்கிடறேன். நீங்க பயப்படாதீங்க."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"நீங்க கேட்டா எழுதித் தருவாரு. டீ வாங்கிக் குடுத்து, சிரிச்சுக்கிட்டே தருவாரு. நீங்க வண்டி ஏறிடுவீங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஆள் மாத்தறோம்னு ஒரு தாள் ஒட்டுவாங்க. அதுல கண்ணாடின்னு ஒரு வார்த்தை இருக்காது. எங்க பேரு மட்டும் இருக்கும்."

"அப்போ நான் என்னதாம்மா பண்றது?" டிரஸ்ட் அம்மாவின் குரலில் எரிச்சல் தட்டியது. கொடுக்க வந்தவர்களுக்கு வருகிற எரிச்சல். "உங்களுக்கு வேண்டியதைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன். குடுக்காம திரும்பிப் போன்னு சொல்றீங்களா?"

"உக்காந்து பேசுங்கம்மா," என்று வீட்டுக்காரர் முக்காலியை நகர்த்திப் போட்டார். "கிழங்கு வெந்துடும், சாப்பிட்டுப் போகலாம்."

டிரஸ்ட் அம்மா உட்கார்ந்தார். காலர்க்காரி விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். மனதுக்குள் எதையோ திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"குடுக்கறதா இருந்தா எல்லாருக்கும் குடுங்க," என்றாள்.

"எல்லாருக்கும்தானே. நாப்பது தாண்டின எல்லா—"

"இல்லம்மா. எல்லாருக்கும். கண்ணு நல்லா இருக்கற பொண்ணுங்களுக்கும். இதோ இவளுக்கு இருபத்தாறு வயசு, எறும்புக் காலை எண்ணுவா. இவளுக்கும் ஒண்ணு குடுங்க. மேல்தளம் முழுக்க மூக்குக்கு மூக்கு கண்ணாடி இருந்தா, கண்ணு போனவ யாருன்னு அந்த ஆளு எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

நாத்தனார் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து பேராகப் போனோமே, இது எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லையே என்று நான் என்னையே திட்டிக்கொண்டேன்.

டிரஸ்ட் அம்மா தலையை ஆட்டினார். "பவர் கண்ணாடியை நல்ல கண்ணுக்குப் போட்டா தலைவலி வரும்மா. அதுவும் போக, அடுத்த ஊர்லயும் உங்களை மாதிரிதான் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்குன்னு வச்சிருக்கறதை எடுத்து இங்க வேஷத்துக்குக் குடுக்க எனக்கு மனசு வராது."

"அதுவும் நியாயந்தான்." காலர்க்காரியின் முகம் வாடிவிட்டது. "அவங்க பாவம் நமக்கு வேணாம்."

அப்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, லென்ஸ் வேற பெட்டி, ஃப்ரேம் வேற பெட்டி. இங்கதானே மாட்டிக் குடுக்கறோம். லென்ஸுதான் எண்ணிக் கொண்டாந்திருக்கோம். ஃப்ரேம் அதிகமாவே இருக்கு."

"வெறும் கம்பியையா குடுக்கச் சொல்றே?"

"வெறும் கம்பி போதும்மா," என்றாள் நாத்தனார். "எங்களுக்கு என்ன, பாக்கவா போறோம்? போட்டுக்கத்தானே போறோம்."

டிரஸ்ட் அம்மா கழுத்தில் தொங்கிய தன் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் போய்ப் பதில் சொல்லணும்மா. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பேரு, ஒரு பவர், எதுக்குக் குடுத்தோம்னு ஒரு காரணம். அறுபது பேருக்கு எழுதிடுவேன். மீதி இருநூறு கம்பிக்குக் காரணம்னு என்ன எழுதறது?"

"துணைக்குன்னு எழுதுங்க," என்றாள் காலர்க்காரி.

அந்த அம்மா அவளையே பார்த்தார். கண்ணாடியை மறுபடி கழுத்தில் விட்டுக்கொண்டார். "அந்தக் கட்டம் ரொம்பச் சின்னது," என்றார். "ஒரு வார்த்தைதான் பிடிக்கும். பிடிக்கும்னு நெனைக்கறேன்."

அவர்கள் போன பிறகு காலர்க்காரி என் பக்கம் திரும்பினாள். "உன் வாயை ஒருநாள் தைக்கப் போறேன் பாரு. அதுக்கு எனக்குக் கண்ணே வேணாம்." சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தில் கிழங்கு போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் நாத்தனார் லைன் லைனாகப் போய்ப் பேசியிருக்கிறாள். "நான் எதுக்குக் கெழவி வேஷம் போடணும்?" என்று ஒருத்தி முறைத்தாளாம். "இன்னும் பதினஞ்சு வருஷத்துல வேஷம் இல்லாமயே போடுவே. அன்னிக்கு உனக்குத் துணைக்கு யாரு வருவா?" என்று இவள் கேட்டதும் வரிசைக்கு எழுந்து வந்தாளாம். சூப்பர்வைசர் ஹால் பக்கம் வராமல் இருக்க, டிரஸ்ட் அம்மா அவரை மேனேஜர் அறையில் தன்னோடு உட்காரவைத்துக்கொண்டார். ஏதோ படம் காட்டினாராம், இரண்டு மணி நேரம். அதற்குள் ஹாலில் கண்ணாடி, வெறும் கம்பி எல்லாம் கொடுத்து முடிந்தது.

சாப்பாட்டு மணி முடிந்து எல்லோரும் மிஷினுக்குத் திரும்பினார்கள். அடுத்து உள்ளே நடந்தது, மூன்று மணி டீ நேரத்தில் நாத்தனார் ஓடி வந்து சொன்னது.

சூப்பர்வைசர் அன்றைய ஆர்டர் தாளோடு உள்ளே வந்து, இரண்டடி வைத்து, நின்றுவிட்டார். இருநூற்றறுபது கண்ணாடி அவரைப் பார்த்தது. ஒரு சின்னப் பெண் நினைவில்லாமல் கம்பிக்குள் விரலை விட்டுக் கண்ணைக் கசக்க, பக்கத்தில் இருந்தவள் அவள் காலை மிதித்தாள். நல்லவேளை, அவர் பார்க்கவில்லை. லைன் லைனாக நடந்து மூன்றாவது லைனுக்கு வந்தார்.

"என்ன கூத்து இது? எல்லாருக்கும் ஒரே நாள்ல கண்ணு போயிடுச்சா?"

நாத்தனார் மட்டும், "ஆமா சார். யாரை மொதல்ல கீழ அனுப்பறீங்க?" என்றாளாம். கழுதைக்கு அத்தனை தைரியம்.

அவர் முகம் சிவந்தது. எல்லோரையும் அனுப்பினால் நாளைக்குச் சட்டை தைக்க யார் இருக்கிறார்கள்? எதையாவது அதட்ட வேண்டுமே என்று ஆர்டர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "சரி சரி, வேலையைப் பாருங்க. இந்த லைனுக்கு இன்னிக்குக் காலர் சைஸ் பதினஞ்சு."

அவர் தாளைப் படிக்கிற விதம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். கையை நீட்டி, தாடையை உள்ளே இழுத்து, நெற்றியைச் சுருக்கி ஒரு முறைப்பு முறைப்பார். அந்த முகத்தைப் பார்த்தே நாங்கள் நடுங்குவோம். என்ன தப்புக் கண்டுபிடித்தாரோ என்று ஆளாளுக்குத் தன் பீஸைப் பார்ப்போம். நானும் நடுங்கியிருக்கிறேன், வருடக்கணக்காக.

காலர்க்காரி அன்றைக்குத்தான் புதுக் கண்ணாடி வழியாக அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். தாளையும் பார்த்தாள். தாளில் இருந்தது தெளிவாகத் தெரிந்தது.

"பதினஞ்சு இல்ல சார், பதினாறு," என்றாள்.

அவர் தாளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம். அதற்குமேல் கை நீளவில்லை.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தில் நானாக இருந்தால் எழுந்து நின்று ஆலை முழுக்கக் கேட்கிறமாதிரி கத்தியிருப்பேன். இருபத்திரண்டு வருடம் மிஷினில் உட்கார்ந்தவள் அப்படிச் செய்யவில்லை. அவருக்கும் பக்கத்தில் இருந்த நாத்தனாருக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"சார், டிரஸ்ட் வண்டி நாலு மணிக்குத்தான் கெளம்புது."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் கேட்டைவிட்டு வெளியே வந்தார். நேராக என் கடைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு டீ," என்றார். ஏழு வருடத்தில் முதல் தடவை. போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். டிரைவர் கடைசிப் பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினார். டிரஸ்ட் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் அங்கே இருக்கிறவரை இந்த மனுஷர் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. சும்மா நின்றாலே போதும், வண்டி போய்விடும், நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

என் கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை. இதை எழுதும்போதும் தீரவில்லை. ஆனால் ஒரு தாளைப் படிக்க முடியாமல், அதை யாரிடமும் சொல்லவும் முடியாமல் ஒரு ஆள் நாள் முழுக்க எப்படி நடிக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நான் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடி, வண்டியின் பக்கவாட்டில் கையால் தட்டினேன்.

"கொஞ்சம் நில்லுங்க. இன்னும் ஒருத்தர் பாக்கி."